ஒரு தடவைதான் அடிக்கணும்

"ஜன்னலோரம்... இவன் கடிக்கிறத விட்டுட்டான். பக்கத்துல... இவ ஷூ லேஸைத் தானே கட்டிக்கறா. அதுக்கு அடுத்து... அடடா, நம்ம மூக்கொழுகி. இவனுக்கு என்ன? ஆங்! ஒரு சொட்டு சிந்தாம பூவாளியைத் தூக்கிட்டுப் போறான்!"

பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, ஒன்றாம் வகுப்பறையின் காலி இருக்கைகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிக்கொண்டே பெரிய டீச்சர் நகர்கிறார். பெருக்க வந்தவர் துடைப்பத்தோடு வாசலில் காத்து நிற்கிறார். குறுக்கே போனால் முதல் வரிசையிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார் என்பது அவருக்குத் தெரியும். போன வருஷம் பட்ட பாடு போதும்.

பெரிய டீச்சர் என்றால் ஆள் பெரியவர் இல்லை. ஐந்தாம் வகுப்பில் நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளைகள் அவர் தோளைத் தாண்டிவிடுவார்கள். அந்த ஆரம்பப் பள்ளிக்குத் தலைமையாசிரியை, அதனால் பெரிய டீச்சர். நடந்து நடந்து தேய்ந்த செருப்பு, சாக்பீஸ் தூசி படிந்த கைப்பை, நாலு கட்டடம் தள்ளிக் கேட்கிற குரல். அந்தக் குரலால் அவர் செய்கிற முதல் வேலை பள்ளியை நடத்துவது. இரண்டாவது வேலை பெருமையடிப்பது. இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் அவர் கணவர் சிரிப்பார்.

தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பிள்ளைகளைப் பற்றி என்றால் இடம் பொருள் ஏவல் எதுவும் கிடையாது. பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது நடத்துனரிடம், "தெரியுமா, எங்க ரெண்டாம் கிளாஸ் பொண்ணு ஒருத்தி எட்டாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்துட்டா," என்பார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே சொல்லப் பார்த்து நாக்கில் ஊசி வாங்கியிருக்கிறார். காய்கறிக்காரர் ஒருநாள் தராசைக் கீழே வைத்துவிட்டார். "டீச்சர், போன வாரமும் இதே பையனைத்தான் சொன்னீங்க. வேற பையன் இல்லையா?" என்றார்.

"இருக்கானே! சொல்லவா?" என்று பெரிய டீச்சர் பையைக் கீழே வைத்தார். பாவம், அந்த மனிதர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

வருஷக் கடைசி நாளில் பெற்றோர் வந்து கூடுவார்கள். மற்ற பள்ளிகளில் அன்றைக்குச் சாதனை அறிக்கை வாசிப்பார்கள்: எத்தனை கோப்பை, எத்தனை முதல் மதிப்பெண். பெரிய டீச்சரும் கோப்பைகளைச் சொல்வார், விடமாட்டார். ஆனால் அது முடிந்ததும் அவருடைய அறிக்கை தொடங்கும். பள்ளியில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாக்கியம். இந்த வருஷம் அந்தப் பிள்ளை எதைச் செய்ய முடியாமல் இருந்து எதைச் செய்தது என்று ஒரே வாக்கியம். சொல்லி முடித்ததும் அந்தப் பிள்ளை மேடையேறி, அங்கே தொங்குகிற பள்ளி மணியை மரச்சுத்தியால் ஒரு முறை அடிக்க வேண்டும்.

"ஒரு தடவைதான் அடிக்கணும்!" என்பது சட்டம். இரண்டாவது அடிக்குக் கை ஓங்காத பிள்ளை இல்லை. பெரிய டீச்சர் பக்கத்திலேயே நின்று, முதல் அடி விழுந்ததும் மணியின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிவிடுவார். "எல்லாருக்கும் ஒண்ணுதான். உனக்கு மட்டும் என்ன ரெண்டு?"

இத்தனை வாக்கியங்களில் ஒன்றைக்கூட அவர் எழுதிவைப்பதில்லை. வருஷக் கடைசியில் தினமும் சாயங்காலம் காலி இருக்கைகளைத் தட்டித் தட்டி மனப்பாடம் செய்வதோடு சரி. "எழுதி வெச்சுக்கோயேன், தலையா வெடிச்சுடும்?" என்று கணவர் கேட்டுப் பார்த்திருக்கிறார்.

"எழுதி வெச்சா தாளைப் பாத்துப் படிப்பேன். இப்ப பிள்ளையைப் பாத்துச் சொல்றேன்," என்று அவர் வாயை அடைத்துவிட்டார்.

இந்த வருஷம் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி பாதியில் வந்து சேர்ந்தாள். அம்மா தையல்கடை வைத்திருக்கிறார். சிறுமி பாடத்தில் மோசமில்லை, கேட்டால் பதில் சொல்வாள். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வகுப்புக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிடுவாள். வகுப்பு டீச்சர் திருப்பி உட்காரவைக்கப் பார்த்தார். "விட்டுடுங்க, பசி அடங்கட்டும் முதல்ல," என்றார் பெரிய டீச்சர். அதற்கப்புறம் அவர் தினமும் அந்த நேரத்தில் தாழ்வாரத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல் நடப்பார். நாற்காலி சில வாரங்களில் கொஞ்சம் பக்கவாட்டில் வந்தது. பிறகு அப்படியே நின்றது. பிறகு ஒரு மதியம், அது முழுதாக இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. சிறுமி மற்றவர்களைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பெரிய டீச்சர் தன் அறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார். நடத்துனரிடம் சொல்லவில்லை, காய்கறிக்காரரிடம் சொல்லவில்லை, வகுப்பு டீச்சரிடமும் சொல்லவில்லை. ஓட்டைவாய் என்று பெயரெடுத்தவர் அந்த ஒன்றை மட்டும் அடைகாத்தார். வெளியே சொன்னால் நாற்காலி மறுபடி சுவரைப் பார்த்துவிடுமோ என்று பயம்.

கடைசி வாரத்தில் தையல்கடை அம்மா பள்ளி கேட் அருகே வந்து நின்றார். "டீச்சர், அன்னைக்கு எல்லாப் பிள்ளைங்களைப் பத்தியும் சொல்வீங்களாமே. எம் பொண்ணை விட்டுடுங்க. பாதியில வந்தவ. சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. இல்லாததை நீங்க எப்படிச் சொல்லுவீங்க?"

பெரிய டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இருக்கு. வந்து கேளுங்க," என்றார்.

அந்த வாக்குறுதி கொடுத்த வாயே அவரைக் கவிழ்த்தது. விழாவுக்கு முந்தின நாள் பள்ளிகளுக்கிடையே பாட்டுப் போட்டி. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் பரிசு வாங்கினார்கள். முதல் பரிசு வாங்கிய பள்ளியின் தலைமையாசிரியை மெல்லக் கை தட்டினார். நம்மவர் நாற்காலி மேலேறி நின்று கத்தினார். திரும்பி வரும்போது வண்டியில் பிள்ளைகளோடு சேர்ந்து வழியெல்லாம் பாடினார். காலையில் எழுந்து கணவரைக் கூப்பிட வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "மூச்சு விடலாம், பேசக் கூடாது. இன்னைக்குப் பேசினீங்கன்னா அப்புறம் எப்பவுமே இந்தக் குரல்தான்."

பள்ளியில் டீச்சர்கள் கையைப் பிசைந்தார்கள். "பரவால்ல, எழுதிக் குடுங்க, நாங்க வாசிக்கறோம்," என்றார் மூன்றாம் வகுப்பு டீச்சர். பெரிய டீச்சர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். ஐந்தாறு பிள்ளைகளுக்கு எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால், 'நல்ல முன்னேற்றம்', 'மேலும் முயற்சி தேவை' என்று மதிப்பெண் அட்டை மாதிரியே இருந்தது. எழுதியதைக் கசக்கிக் குப்பையில் போட்டார். எந்தப் பிள்ளையும் வாக்கியமில்லாமல் வீட்டுக்குப் போனதில்லை. இன்றைக்கு எல்லாரும் போகப்போகிறார்கள் என்று நினைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கும் சத்தம் வரவில்லை.

கூட்டம் கூடியது. கோப்பைகளை மற்றவர்கள் வாசித்து முடித்தார்கள். பெரிய டீச்சர் மேடையேறி, மணிக்குப் பக்கத்தில் நின்று, தொண்டையைக் காட்டிக் கையை விரித்தார். பிறகு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜன்னலோரத்துப் பையனைச் சுட்டிக்காட்டி, பல்லைக் கடகடவென்று கடித்துக் காட்டி, பெரிதாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. அப்புறம் ஒன்றாம் வகுப்பு மொத்தமும் கத்தியது. "கடிக்கிறத விட்டுட்டான்!"

பையன் ஓடிவந்து மணியடித்தான். அடுத்து பெரிய டீச்சர் குனிந்து இல்லாத கயிற்றை முடிபோட்டார். "லேஸ்! லேஸ்! தானே கட்டிக்கறா!" அடுத்து பூவாளி. மூக்கொழுகிக்கு அவர் நடந்த நடையைப் பார்த்து அவன் அப்பாவே விழுந்து விழுந்து சிரித்தார். பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். குதித்தார், இருமினார், கண்ணைப் பொத்தினார், நாற்காலிக்கு அடியில் புகுந்து வெளியே வந்தார். தவறாகச் சொன்னால் இரண்டு கையாலும் அடித்துத் துரத்தினார், சரியாகச் சொன்னால் அந்தரத்தில் முத்தம் கொடுத்தார். இவ்வளவு நன்றாக எந்த வருஷமும் நடந்ததில்லை.

மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசைக்கு வந்தபோதுதான் அவர் நின்றார். கூட்டத்தின் கோடியில் தையல்கடை அம்மா நின்றுகொண்டிருந்தார். இதை யார் கண்டுபிடிப்பார்கள்? யாரிடமும் சொல்லவில்லையே. அடைகாத்ததற்குப் பலன் இதுதானா என்று மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டார். ஆனாலும் சிறுமியைச் சுட்டிக்காட்டிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தார். கையை வாய்க்குக் கொண்டுபோனார்.

"மிச்சம் வெக்காம சாப்பிட்டா!" என்றது ஒரு குரல். பெரிய டீச்சர் முதுகைத் திருப்பாமலே கையை ஆட்டினார். "கோவிச்சுக்கிட்டா!" என்றார் யாரோ ஒரு அப்பா. சிரிப்பு எழுந்தது. தையல்கடை அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

பெரிய டீச்சர் உட்கார்ந்தபடியே நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார். அது கிறீச்சிட்டது. பக்கவாட்டில் வந்ததும் நிறுத்தினார். மறுபடி நகர்த்தினார். இப்போது மூன்றாம் வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்தப் பக்கம் திரும்பிட்டா டீச்சர்! எங்களைப் பாத்துச் சாப்பிடறா!" என்று பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நின்று சொன்னாள். "நாங்க பாக்காத மாதிரியே இருந்தோம். பாத்தா மறுபடி திரும்பிக்குவாளேன்னு யாருமே பாக்கலை!"

பெரிய டீச்சர் நாற்காலியிலிருந்து எழவில்லை. தாழ்வாரத்தில் தான் ஒருத்தி மட்டும்தான் காவல் காத்ததாக இத்தனை நாள் நினைத்திருந்தார். உள்ளே ஒரு வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருக்க என்ன தவம் செய்தேனோ என்று அவருக்குத் தோன்றியது.

சிறுமி மேடையேறி மணியை அடித்தாள். ஒரு தடவைதான், அதுவும் மெதுவாக. கூட்டத்தின் கோடியில் தையல்கடை அம்மா பக்கத்தில் நின்றவரிடம், அவர் கேட்காமலேயே, "எம் பொண்ணு," என்றார். "அது எம் பொண்ணுங்க."

ஐந்தாம் வகுப்பு வரை முடிந்து, எல்லாரும் எழுந்திருக்கப் போனபோது மூக்கொழுகி கையைத் தூக்கினான். "பெரிய டீச்சருக்கு?"

யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் அவனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு உரக்கச் சொன்னான்: "பெரிய டீச்சர் இன்னைக்கு முழுக்கப் பேசாம இருந்தாங்க!"

கூட்டம் கூரை பிய்கிறாற்போல் சிரித்தது. காய்கறிக்காரரின் பேத்தி அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். அவர் எழுந்து நின்றே கை தட்டினார். பெரிய டீச்சர் இடதும் வலதும் பார்த்தார். பிறகு பிள்ளைகள் செய்வதுபோலவே சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, மரச்சுத்தியை எடுத்து மணியை அடித்தார்.

ஓசை கணீரென்று எழுந்து நின்றது. அமுக்குவதற்கு உள்ளங்கை எதுவும் வரவில்லை. அவர் ஓரக்கண்ணால் கூட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, இன்னொரு தடவை அடித்தார்.