ஆஸ்திரேலியாவுக்குப் போகவிருந்த எலுமிச்சம்பழங்கள்

1. பஸ்ஸில் பார்த்த படம்

திண்டிவனத்தில் மல்லாட்டை வியாபாரி ஒருவரைப் பார்த்துவிட்டு விழுப்புரம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் போனை எடுத்து முதலாளியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். எங்கள் கம்பெனியின் முதல் ஆஸ்திரேலியா கன்டெய்னர் லோடு ஏற்றி முடித்து, கதவு திறந்தபடி நிற்கிறது. முன்னால் முதலாளி கற்பூரத் தட்டோடு சிரிக்கிறார். கன்டெய்னரின் உள்ளே மேல்பக்கம் மாவிலைத் தோரணம். அட்டைப் பெட்டிகளின் மேல் வேப்பிலைக் கொத்து. நடுநாயகமாகக் குங்குமம் வைத்த ஒரு எலுமிச்சம்பழம்.

படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துப் பக்கத்து சீட்டு அம்மா பதறிப்போனார்.

"இன்னாம்மா, யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இல்லீங்க. பூஜை போட்டுட்டாங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எக்ஸ்போர்ட் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்துக்கு வெளியே, கெடார் ரோட்டில் எங்கள் மிட்டாய்க் கம்பெனி. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் வெல்லமும்தான் சரக்கு. டாக்குமென்டேஷன், குவாலிட்டி இரண்டும் என் பொறுப்பு. ஆஸ்திரேலியாவோடு நம் நாடு வர்த்தக ஒப்பந்தம் போட்ட பிறகு, இங்கே விளைந்ததை வைத்து இங்கேயே செய்த மிட்டாய் என்று சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் வாங்கிக் கொடுத்தால் அங்கே இறக்குமதி வரி கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லியே முதலாளியை இந்த ஆர்டருக்குள் இழுத்துவிட்டவள் நான்தான்.

வரிதான் கிடையாது. இலை, பழம், மண், விதை எது உள்ளே போனாலும் அந்த நாட்டில் பொறுக்க மாட்டார்கள். அவர்கள் ஊர்ப் பயிருக்குப் பூச்சி வந்துவிடும் என்று பயம். பார்த்தால் கன்டெய்னரை நிறுத்தி வைப்பார்கள், மருந்தடிப்பார்கள், திருப்பியும் அனுப்புவார்கள். சர்டிபிகேட்டைக் காட்டினால் நம் மிட்டாயை நம்புவார்கள், மாவிலையை நம்ப மாட்டார்கள். அன்று காலையில்தான் காலி கன்டெய்னருக்குள் நானே ஏறி, ஒரு நெல்மணிகூட இல்லாமல் பெருக்கிவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

இந்த ஆர்டருக்கென்று கெடார், பனமலைப் பக்கத்துப் பெண்களைப் பேக்கிங்குக்கு எடுத்திருந்தோம். களை எடுக்கவும் மல்லாட்டை பிடுங்கவும் போய்க்கொண்டிருந்தவர்கள். இந்த வண்டி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் இந்தப் பேக்கிங் லைனை நிரந்தரமாக ஓட்டலாம், அவர்களுக்கும் நிரந்தர வேலை என்று முதலாளி சொல்லியிருந்தார். சேராவிட்டால் லைனை மூடுவது என்றும் அவரே சொல்லியிருந்தார்.

2. கூட்டேரிப்பட்டில் மறியல்

முதலாளிக்குப் போன் போட்டேன்.

"வண்டி கெளம்பிடுச்சும்மா. சீல் போட்டாச்சு. ஸ்டேட்டஸ் பாத்தியா?"

"பாத்தேன் சார். அதனாலதான் கூப்பிடுறேன்."

வண்டியைத் திருப்ப வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டு, டிரைவர் ஏழுமலைக்குப் போட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாத உத்தமர் அவர். அன்றைக்கு அந்த நல்ல குணத்தைத் திட்டாத திட்டு இல்லை.

சென்னைத் துறைமுகத்துக்குப் போகிற வண்டி, எங்கள் பஸ்ஸுக்கு எதிரில் வந்தாக வேண்டும். வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கி, ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்று குடையை விரித்து ஆட்டினேன். பைக்கில் போனவர்கள் எல்லாம் லிப்ட் கேட்கிறேன் என்று நினைத்து வேகம் குறைத்தார்கள். நல்லவேளை, எங்கள் வண்டி அதற்குள் தாண்டியிருக்கவில்லை. ஓரம் கட்டி ஏழுமலை எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், ரோட்ல நின்னு கொடையாட்டிக்கினு கீறீங்க?"

"வண்டியத் திருப்புங்க ஏழுமலை."

"தேங்கா ஒடச்சு அனுப்பி வெச்ச வண்டிங்க மேடம். திருப்புனா சகுனம் பேஜாராயிடும்."

"திருப்பலன்னா பொழப்பே பேஜாராயிடும். ஜல்தி."

அவர் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். கஸ்டம்ஸ் ஏஜென்ட்டுக்குப் போன் செய்து சீலை உடைக்கப் போவதையும், புது சீல் நம்பருக்குத் திருத்தம் போட வேண்டியிருப்பதையும் சொன்னேன். அவர், மறுநாளைக்குள் வண்டி துறைமுகத்துக்குள் போகாவிட்டால் கப்பல் போய்விடும் என்பதை மட்டும் ஞாபகப்படுத்தினார். எனக்கு அது மறந்திருந்தால்தானே.

3. யார் வைத்தது?

கேட்டிலேயே முதலாளி நின்றிருந்தார்.

"ஏம்மா, மொத வண்டி. பூஜ போடாம அனுப்பச் சொல்றியா? நம்ம சாமிய லண்டன்காரன்கூட கும்புடுறான்!"

"இது ஆஸ்திரேலியா சார்."

நான் மேலே சொல்வதற்குள் அவர் போன் அடித்தது. மெல்போர்னில் நம் மிட்டாயை வாங்குகிறவர். கண்டமங்கலத்துப் பிள்ளை, அங்கே போய்க் கடை வைத்தவர். முதலாளி பெருமையாக ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, ஸ்டேட்டஸ் சூப்பர். அந்த மாவெல, பழமெல்லாம் கதவ சாத்தறதுக்கு முன்னாடி எடுத்துட்டீங்கல்ல? ஒரு எல கெடச்சாலும் இங்க புடிச்சு வெச்சுக்குவாங்கண்ணே. அப்பறம் நான் வேற எடத்துலதான் வாங்கணும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"எடுத்துக்கினே கீறோம் தம்பி" என்று சொல்லி போனை வைத்தார்.

சீலை உடைத்தோம். படத்தில் தெரிந்ததை எல்லாம் எடுத்து முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கதவைச் சாத்தப் போகும்போது பேக்கிங் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, திட்டக் கூடாது."

"சொல்லு."

"நாலாவது வரிசைக்கு அடியில வில்வம் வெச்சிக்கீறேன். பனமல ஈஸ்வரன் கோயிலு வில்வங்க்கா. நம்ம பொழப்பு இதுல கீதேன்னுதான்..."

சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் கோபம் போய்விட்டது. வேலை தங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அந்த வேலைக்கே உலை வைக்கிற பொருளைப் பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறாள்.

அவள் சொன்னதும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. லோடு ஏற்றும் ஆட்கள் வலது ஓரத்தில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அது தெரியாமல் சூப்பர்வைசர் இடது ஓரத்தில் ஒன்று. ஏழுமலை தன் பங்குக்குக் கதவிடுக்கில் ஒன்று செருகியிருந்தார். எல்லாருக்கும் ஒரே கவலை, யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது. பூசணிக்காயை மட்டும்தான் யாரும் உள்ளே வைக்கவில்லை.

முதலாளி எகிறிக் குதித்தார். "அறிவு இருக்குதாய்யா ஒங்களுக்கு? சொல்லாம கொள்ளாம வெப்பீங்களா?"

அவற்றை எல்லாம் தேடி எடுப்பதற்குள் பெட்டிகளில் பாதிக்கு மேல் இறக்கியாயிற்று. "சார், இதுக்கு மேல உள்ளாற யாரும் ஒண்ணும் வெக்கல. திருப்பி ஏத்திடலாமா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். முதலாளி கன்டெய்னரின் கடைசிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முழுசா எறக்கிடும்மா."

"ஏன் சார்?"

"லோடு ஏத்தறதுக்கு முன்னாடியே கோடியில ஒண்ணு வெச்சேன். நம்மளுதுதான்."

நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவருக்கும் வந்துவிட்டது. பெண்கள் விஷயம் என்னவென்று தெரியாமலேயே சிரிக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டி இறக்க வந்துவிட்டார். எல்லாவற்றையும் இறக்கி, பெருக்கி, துடைத்து, நான் டார்ச் அடித்து மூலைமூலையாகப் பார்த்த பிறகு மறுபடி ஏற்றினோம். ஒரு பெண்கூட முகம் சுளிக்கவில்லை.

புது சீல் போட்டதும் எல்லாரும் தயங்கி நின்றார்கள். சாமி கும்பிடாமல் எப்படி அனுப்புவது? செல்விதான் வண்டிக்கு முன்னால் தரையில் கற்பூரத்தை ஏற்றினாள். "கதவு சாத்தியிருந்தா சாமிக்கித் தெரியாதா இன்னா?" என்றாள். அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் அதுதான் முறை. பூஜை உண்டு, தரையில். சக்கரத்துக்கு அடியில் எத்தனை பழம் வேண்டுமானாலும் நசுக்கிக்கொள்ளலாம்.

4. வர்றோம்

மறுநாள் வண்டி நேரத்துக்குத் துறைமுகத்துக்குள் போய்விட்டது. கப்பல் போய்ச் சேரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. அங்கே நம் கன்டெய்னரைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். மெல்போர்ன்காரர் பெட்டிகளின் படத்தைப் போட்டு, அடுத்த ஆர்டரையும் கூடவே அனுப்பினார்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். அடுத்த நாட்டுக்காரன் எதற்குப் பயப்படுகிறான் என்பதையும், நம் ஆட்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்துத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முன்னதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். பின்னதைக் கேட்கத் தவறியதால் ரோட்டில் குடையை ஆட்டினேன். பிள்ளைகளே, நீங்கள் லோடு ஏற்றுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

அதுவரை தினமும் சாயங்காலம் வேன் ஏறுவதற்கு முன் அந்தப் பெண்கள் என் அறை வாசலில் வந்து, "நாளைக்கு வேல கீதாக்கா? வரட்டுமா?" என்று கேட்பார்கள். கூலி வேலைக்குப் போய்ப் பழகியவர்கள் வாயில் தானாக வருகிற கேள்வி அது. அடுத்த ஆர்டர் வந்த அன்று முதலாளி அவர்களைக் கூட்டி, இனி லைன் நிற்காது, எல்லாருக்கும் நிரந்தர வேலை என்று சொன்னார். அன்று சாயங்காலம் நான் அறையில் காத்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். எல்லாரும் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். செல்வி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, "வர்றோம்க்கா!" என்றாள்.