வீடுகளும் உள்ளடங்கலாக

அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. வீட்டுக்கு வரும் மின்சாரப் பட்டியலும் கிளினிக் துண்டும் நான் வேலையால் வரும்வரை தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் கிடக்கும். அன்று அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. நான்கு மூலையிலும் பசை காய்ந்திருந்தது. ஜெபவீட்டுக் கதவில் ஒட்டியிருந்ததாம். கிளாத்தி மீனுக்குத் தோல் உரிக்கிற பக்குவத்தில், கிழியாமல் உரித்துக்கொண்டு வந்திருந்தார்.

“காலைக் கழுவிப்போட்டு வந்து இதை ஒருக்கா வாசி மகன். என்னவோ சீல் எல்லாம் குத்திக் கிடக்கு.”

நின்ற நிலையிலேயே வாசிக்கத் தொடங்கினேன். முதல் வசனத்தின் பாதியில் நாக்கு நின்றுவிட்டது. அது என் வசனம்.

ஜெபவீடு என்று நான் சொல்வது, சாம்பல்தீவில் எங்கள் வளவுக்கு இரண்டு வளவு தள்ளியிருந்த ஒரு தகரக் கொட்டில். இருபது பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு மைக், ஒரு பழைய ஸ்பீக்கர். ஞாயிறு காலையில் ஊர்ப் பெண்கள் கொஞ்சப்பேர் கூடுவார்கள். போதகர் பாலையூற்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். கொட்டிலின் பூட்டுத் திறப்பு அம்மாவிடம் இருந்தது.

நாங்கள் அம்மன் கோயில் ஆட்கள். மூன்று வருடங்களுக்கு முன் அம்மா அங்கே போகத் தொடங்கியபோது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“அங்க என்னை மைக்கில கதைக்க விடுறாங்கள்” என்றார்.

அதற்குச் சாட்சி சொல்வது என்று பெயர். அந்தக் கிழமை தனக்கு நடந்ததை ஒவ்வொருவரும் எழும்பி நின்று சொல்ல வேண்டும். அம்மா சந்தையில் நாள் முழுக்கக் கத்தி மீன் விற்கிறவர்தான். ஆனால் அவர் கதைக்க, மற்றவர்கள் வாய்மூடி இருந்து கேட்டது அந்தக் கொட்டிலில் மட்டும்தான். நான் அவரை மறிக்கவில்லை. ஒரு நாளாவது போய்க் கேட்கவும் இல்லை. மறிக்காமல் விட்டதையே என் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் ஏ.எல். பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். அந்தப் படிப்பால்தான் நகரத்துச் சர்வமதக் குழுவுக்குச் செயலாளர் ஆனேன். துறைமுகம் தெரியும் ஒரு மாடி மண்டபத்தில் மாதம் ஒருமுறை பிக்கு, ஐயர், மௌலவி, கத்தோலிக்கப் பாதிரியார் என்று நான்கு சமயத்துப் பெரியவர்களும் கூடுவார்கள். இளைஞர் பக்கத்தில் நானும், கிண்ணியாவைச் சேர்ந்த என் முஸ்லிம் நண்பனும். எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் சாப்பிட்டவன் அவன். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. பள்ளிக்கூடங்களுக்குப் போய் மதச் சகிப்பைப் பற்றிப் பேசுவதும் நான்தான். நம்பித்தான் பேசினேன்.

அந்த வருடம் சந்திக்குச் சந்தி ஏதாவது முளைத்துக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் சிலை வைப்பதற்குச் சீமெந்துப் பீடம், இன்னோரிடத்தில் சூலம், மற்றோரிடத்தில் வளைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை. நான்கு தரப்பின் சம்மதமும் இல்லாமல் புதிய வழிபாட்டிடம் எதுவும் வரக்கூடாது, அண்மைய வருடங்களில் அப்படி வந்ததும் இருக்கக்கூடாது என்று தீர்மானம் எடுப்போம் என்றார் குழுத் தலைவர். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மூன்று நாள் இருந்து எழுதினேன். பீடத்துக்கு மேல் கூடாரம் அடித்துவிட்டு இது தற்காலிகம் என்பார்கள். வீடு மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டு இது வீடு என்பார்கள். ஓட்டை எதுவும் விடக்கூடாது என்று யோசித்து, ‘தற்காலிகக் கொட்டில்கள், கூடாரங்கள், கூட்டு வழிபாட்டுக்குப் பயன்படும் வீடுகளும் உள்ளடங்கலாக’ என்று சேர்த்தேன். வாசித்துக் காட்டியபோது தலைவர் என் முதுகில் தட்டினார். “சட்டத்தரணி எழுதினது மாதிரி இருக்குத் தம்பி.” அதை வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அன்று எனக்கு மீன் தலை வைத்தார்.

அடுத்த கூட்டத்துக்கு வேலை காரணமாக நான் போகவில்லை. என் தீர்மானத்தை முதன்முதலாக எதற்குப் பாவிப்பது என்று அந்தக் கூட்டத்தில்தான் முடிவெடுத்திருக்கிறார்கள்.

ஏழு நாளுக்குள் கொட்டிலை மூட வேண்டும் என்று அம்மா உரித்துவந்த கடிதம் முடிந்தது. கீழே நான்கு சமயத்தவரின் கையெழுத்தும் சீலும். ஐந்தாவதாக, இளைஞர் சார்பில், என் நண்பனின் கையெழுத்து.

“மூடச் சொல்லிக் கிடக்கோ?”

“ஓம் அம்மா.”

அம்மா எங்கள் கூடத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு முகம் தெளிந்தது. “அப்ப எங்கட வீட்டில வைப்பம். கதிரையளை இங்கால தூக்கிப் போட்டாச் சரி. வீட்டுக்குள்ள செய்யிறதை ஆர் கேக்கிறது?”

“வீட்டிலயும் ஏலாது. வீடுகளும் உள்ளடங்கலாக எண்டு கிடக்கு.”

“வீட்டையும் விடேல்லையோ! எந்த நாசமாப்போவான் இருந்து யோசிச்சு எழுதினவன்?”

பொய் சொல்லியிருக்கலாம். அவரால் வாசித்துப் பார்க்க முடியாது.

“நான்தான் அம்மா எழுதினனான்.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார். “அண்டைக்கு வந்து சொன்னியே, சட்டத்தரணி மாதிரி எண்டு. அதுவோ?”

“ஓம்.”

எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

அடுத்த நாள் நண்பனைத் தேத்தண்ணிக் கடையில் பிடித்தேன்.

“எங்கட அம்மா அங்க போறவ எண்டு உனக்குத் தெரியாதோ?”

“தெரியும் மச்சான். அவங்கட கையால திண்டவன்தானே நான்.” கிளாசைச் சுற்றிக்கொண்டே இருந்தான். “என்னத்தச் செய்ற? நான் மட்டும் மாட்டன் எண்டா, அடுத்த கூட்டத்துல எங்கட பள்ளிவாசல் ஸ்பீக்கரத்தான் எடுப்பாங்க.”

“எனக்கு ஒரு போன் கோல் எடுத்திருக்கலாமே.”

“எடுத்தா நீ வேணாம் எண்டு சொல்லுவாய். அதுக்குப் பொறகு நான் எப்படிச் சைன் வைக்கிற?”

தேத்தண்ணிக்கு அவன்தான் காசு கொடுத்தான். நான் மறிக்கவில்லை.

அங்கிருந்து தலைவரிடம் போனேன். மரியாதையாக இருத்திக் கதைத்தார்.

“அது சமயம் இல்லைத் தம்பி, ஆள் பிடிக்கிற வேலை. இவ்வளவு காலத்தில நாலு சமயமும் ஒரு விசயத்தில ஒத்து நிண்டது இதுதான் முதல் தரம். அதைப் போய்க் குழப்பாதேங்கோ.”

“சந்தியில கட்டின பீடம் ஐயா?”

“அது பேசித் தீர்க்கிற விசயம். மெல்ல மெல்லத்தான்.”

பீடம் இன்றைக்கும் நிற்கிறது. இப்போது அதற்கு வெள்ளையும் அடித்திருக்கிறார்கள். நான் அன்றே விலகல் கடிதம் கொடுத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சகிப்பு சரியா பிழையா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்கும்போது முன்பு நீளமாகப் பதில் சொல்வேன். இப்போது எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அந்த மண்டபத்தில் இருந்தது, ஒருவருக்கொருவர் தொந்தரவு கொடுக்கக்கூடியவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு. கொட்டிலுக்குள் இருந்த பெண்களால் யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்க ஏலாது. ஆகவே அவர்களைச் சகிக்க வேண்டிய தேவை ஒருவருக்கும் வரவில்லை. என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று பல நாள் கொதித்தேன். ஆனால் அவர்கள் தீர்மானத்தில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மூன்று வருடம் அம்மாவை மறிக்காமல் விட்ட நானும், அந்தக் கதவுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தவனில்லை. பார்த்திருந்தால் ‘கொட்டில்’ என்று எழுதும்போது கை ஒரு கணமாவது நின்றிருக்கும்.

சனிக்கிழமை பின்னேரம் அம்மா கதிரைகளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். நானும் தூக்கினேன். மைக்கையும் ஸ்பீக்கரையும் துணியால் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தார்.

ஞாயிறு காலை பெண்கள் ஒவ்வொருவராக, சும்மா பார்க்க வந்தவர்கள் போல வந்தார்கள். போதகர் வரவில்லை. நானும் உள்ளே போய்க் கடைசிக் கதிரையில் இருக்கப் பார்த்தேன்.

“நீ உள்ளுக்க இராத மகன்” என்றார் அம்மா. “ஆரும் கேட்டால் தெரியாது எண்டு நீ சொல்லலாம்.”

“நான் விலகியிட்டன் அம்மா.”

“இருக்கட்டும். நாளைக்குத் திரும்பக் கூப்பிடுவாங்கள். படிச்ச பிள்ளை, உனக்கு அந்த ஆக்கள் வேணும்.”

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஜன்னல்களைச் சாத்தினார், கதவைச் சாத்தினார். நான் கிணற்றுக்கட்டில் போய் இருந்தேன்.

பாட்டு வாய்க்குள்ளேயே நடந்தது. பிறகு அம்மாவின் குரல் கேட்டது. சந்தையில் பழகிய குரல், மைக் இல்லாமலே முற்றத்துக்கு வந்தது. “போன கிழமை ஒரு கடிதம் வந்தது. அதை என்ட மகன்...”

“அக்கா, மெல்ல. றோட்டுக்குக் கேக்கும்” என்றது உள்ளிருந்து இன்னொரு குரல்.

அம்மா குரலைக் குறைத்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.