கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பேன்

விழுப்புரத்தில் புத்தகத் திருவிழா நடக்கிறது என்றார்கள், போயிருந்தேன். ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தலையணை கனத்தில் ஒரு நாவலை எடுத்து நீட்டினார். நான் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

"இன்னாம்மா, முடிவ மொதல்லயே பாத்துட்டா எப்பிடி?" என்று சிரித்தார்.

"கதை வேணாங்க. வாழ்ந்தவங்க அவங்களே எழுதினது இருந்தா குடுங்க."

"அதெல்லாம் அந்த மூலைல, கீழ்த்தட்டுல கெடக்குது. யாரும் கேக்குறதில்ல."

சுருக்கென்றது எனக்கு. நடக்காததை எல்லாம் கண்ணுக்கு நேரே அடுக்கிவிட்டு, நடந்ததைக் காலடியில் போட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். ஆனால் கீழே உட்கார்ந்த எனக்கு எழுந்திருக்க அவர் கைதான் தேவைப்பட்டது. பிடித்து எழுந்த கையைத் திட்ட முடியுமா? வீட்டில் என்னைக் கதை பிடிக்காத ஜென்மம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஏன் பிடிக்காமல் போனது என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

புதுக் காகிதத்தின் மை வாசனை வந்தால், கூடவே எனக்கு வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வாசனையும் வந்துவிடும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பாசஞ்சர் ரயிலில் வேலைக்குப் போன காலம் அது. ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடுகிற வேலை. பெண்கள் பெட்டியில் எங்களுக்கென்று ஒரு மூலை இருந்தது. வாரப்பத்திரிகை வருகிற நாளில் தாலுகா ஆபீஸ் வசந்தா அக்கா உரக்கப் படிப்பார். நாங்கள் மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்போம். அவர் தொடர்கதைப் பக்கம் போனால் விடமாட்டோம்.

"கதை கெடக்கட்டும்க்கா, நெசத்தப் படி!"

நெசம் என்றால் வாசகிகள் தங்கள் வாழ்க்கையை எழுதுகிற பக்கம். கதையில் அழுகிறவளின் அழுகை, எழுதியவர் பேனாவை மூடியதும் நின்றுவிடும். தன் வாழ்க்கையை எழுதியவளோ நாளைக்கும் எழுந்து அடுப்பு பற்றவைக்க வேண்டும். எப்படிச் சமாளித்தாள் என்று தெரிந்தால் நமக்கும் ஒரு வழி கிடைக்குமே. அதற்காகத்தான் அத்தனை காதும் அங்கே நீளும்.

அந்தக் காதுகளில் ஒன்று கஸ்தூரியுடையது. மயிலத்தில் ஏறுவாள். விழுப்புரத்தில் மருந்துக்கடையில் வேலை. ஏறியதும் வசந்தா அக்காவுக்கு இடது பக்கம் உட்காருவாள். இடம் இல்லாவிட்டால் யாரையாவது எழுப்பிவிட்டாவது அங்கேதான். கணவன் அடித்ததில் அவளுக்கு இடது காது போய்விட்டது, வலது காதுதான் கேட்கும். அடி தாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்தவளிடம் பெண் குழந்தையைக் கொடுக்க மறுத்து, கெடாருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கணவன் வீட்டார் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் ஊர்ப் பெரியவர்களோ, அவன் அடித்தான் என்பதையே நம்பவில்லை.

ஒருநாள் கஸ்தூரி சொன்னாள்: "எல்லாத்தையும் எழுதி பத்திரிகைக்கு அனுப்பிச்சிட்டேன்க்கா. வாயால சொன்னா பொய்யின்றாங்க. அச்சுல வந்தா நம்புவாங்க இல்ல?"

அச்சு என்றால் சத்தியம் என்று நாங்களும் நம்பியவர்கள்தான். வாராவாரம் தேடினோம். கடைசியில் வந்தது. வாசகிகள் பக்கத்தில் இல்லை, சிறுகதைப் பக்கத்தில். தலை நிறைய மல்லிகைப்பூவோடு ஒரு அழகி படம். ஊர் பெயரோடு கஸ்தூரியின் பெயர். 'என் பிள்ளையை என்னிடம் கொடுங்கள்' என்று அவள் முடித்திருந்தாள். அச்சில் வந்ததில் அவள் தன் தவறை உணர்ந்து கணவன் காலில் விழுகிறாள், அவன் பெருந்தன்மையாக மன்னிக்கிறான். அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'யாவும் கற்பனை'. படிக்கிற வேகத்தில் வசந்தா அக்கா அதையும் உரக்கப் படித்துவிட்டார்.

"என்னதுக்கா கற்பனை?" என்றாள் கஸ்தூரி. மல்லாட்டை உரிக்கிற சத்தம் நின்றுபோனது.

நான் பத்திரிகைக்குப் போன் போட்டேன். "முடிவு சோகமா இருந்துச்சு மேடம். லேசா மாத்தினோம். கதையா நல்லா வந்திருக்கு இல்ல?" என்றது ஒரு குரல். வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவன் ஊரில் பேச்சுவார்த்தை. வசந்தா அக்காவும் நானும் கூடப் போனோம். கணவனின் அண்ணன் கையில் அதே பத்திரிகை.

"கற்பனைன்னு அவங்களே போட்டுக்கிறாங்க, பாருங்க. என் தம்பி அடிச்சான்றது சுத்தப் பொய்." பக்கத்தைத் தட்டினான். "தப்ப உணர்ந்து கால்ல உழுந்தேன்னு இவளே எழுதிக்கினு இருக்கா. அத்த செய்யச் சொல்லுங்க. கொழந்தையோட இங்கயே இருக்கட்டும்."

"அடிச்சது கற்பனை, உழுந்தது மட்டும் நெசமாங்க?" என்று கத்தினேன்.

"நீங்க அசலூரு. சும்மா இரும்மா," என்றார் ஒரு பெரியவர். பெரியவராம்!

வாசலில் குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கஸ்தூரி அதைப் பார்த்தாள். பிறகு போய் அத்தனை பேருக்கு முன்னால் கணவன் காலில் விழுந்தாள். எவனோ முகம் தெரியாதவன் மேசையில் உட்கார்ந்து எழுதிய முடிவை, அவள் வாழ்க்கையில் நடத்திக் காட்ட வேண்டியதாகிவிட்டது. மறுநாளிலிருந்து மயிலத்தில் அவள் ஏறவில்லை.

இப்போது அந்தப் பத்திரிகை இல்லை. வசந்தா அக்கா இல்லை. போன மாதம் அதே ரயிலில் போனேன். பெட்டியில் ஆளுக்கொரு போன், காதில் செருகிய ஒயர். யாரும் யாருக்கும் படித்துக் காட்டுவதில்லை. கஸ்தூரி எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்றே தெரியாது. 'யாவும் கற்பனை' என்ற அந்த இரண்டு சொற்கள் மட்டும் செத்துப்போகவில்லை. டிவி தொடருக்கு முன்னால் நீட்டி முழக்கி ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கண்ணில் பட்டால் நான் டிவியை நிறுத்திவிடுகிறேன், வீட்டில் சண்டை வருகிறது.

அன்றைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகுமுன் கஸ்தூரி என்னிடம் வந்தாள். "யாராவது கேட்டா அது நெசம்னு சொல்லுக்கா," என்றாள்.

இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, சொல்கிறேன். கஸ்தூரிக்கு இடது காது கேட்காது. அடித்தது அவள் கணவன். யாவும் நிஜம்.