வயிறு அச்சடித்த தகடு

என் அம்மா சாமி பெயரைச் சொல்லி ஒரே ஒரு பொய் சொன்னாள். அதை ஒரு வருடம் விடாமல் சொன்னாள். நாங்கள் நம்பினோம். நம்பியதோடு நிற்காமல் கிண்டலும் செய்தோம்.

செவ்வாயும் வெள்ளியும் அவள் விரதம் இருப்பது நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய பழக்கம். மாரியம்மன் என்றால் அவளுக்கு உயிர். அப்பா போன பிறகு கோச்சடையில் ஒரு வாடகை வீட்டில் தையல் மிஷின் மிதித்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். கேட்டால், "எல்லாம் ஆத்தா பாத்துக்கிட்டா" என்பாள். மிதித்தது நீ, பேர் வாங்குவது அவளா என்று நான் எரிந்து விழுவேன். எனக்கு சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது, வாய் மட்டும் அதிகம். அவள் சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோப்பாள்.

கல்யாணமாகி நான் ஒத்தக்கடைக்கு வந்துவிட்டேன். அங்கே ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கணவரும் அம்மா வீட்டுக்குப் போவோம். ஒரு பங்குனியில் அவளுடைய விரதங்கள் அதிகமாக ஆரம்பித்தன. முதலில் திங்கட்கிழமை சேர்ந்தது. அப்புறம் சனி, பிறகு வியாழன், புதன். எங்களுக்குக் கறிக்குழம்பு வைத்துப் பரிமாறிவிட்டு, அவள் ஒரு டம்ளர் மோரோடு உட்கார்ந்திருப்பாள்.

"அத்தை, ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் இன்னும் சாமி அமையலையா?" என்றார் என் கணவர்.

"அமஞ்சுட்டாரு மாப்ள. சூரியன்" என்றாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மெலிகிறாளே என்று எனக்குத் தோன்றவில்லை. மெலிந்தால் ரவிக்கை தொளதொளக்கும். அவளுக்குத் தொளதொளக்கவில்லை.

அப்போது என் கவனமெல்லாம் என் வயிற்றின் மேல் இருந்தது. ஆறு வருடமாகக் குழந்தை இல்லை. ஊசி, மாத்திரை, ஸ்கேன் என்று அலைந்து, இரண்டு தடவை சிகிச்சை செய்தும் கரு நிற்கவில்லை. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் பரிகாரம் சொன்னார்கள். அம்மா மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. அதனாலேயே அவள் பக்கத்தில் உட்கார எனக்குப் பிடிக்கும்.

அந்த ஆடி வெள்ளியில், "கால் நோகுது பாப்பா, கோயிலுக்குக் கூட வா" என்றாள். லீவு போட்டுவிட்டுப் போனேன். கோயில் வாசலில் உருவத் தகடு விற்கும் கடை. கண், கை, கால் என்று அச்சடித்த மெல்லிய வெள்ளித் தகடுகள். எந்த இடத்தில் நோயோ அந்தத் தகட்டை வாங்கி உண்டியலில் போட்டு வேண்டிக்கொள்வார்கள். அம்மா குனிந்து தேடி, வயிறு அச்சடித்த ஒன்றை எடுத்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நீயுமா என்று நினைத்தேன்.

"யாரக் கேட்டு வாங்குற? நீயும் ஆரம்பிச்சுட்டியா? என் வயித்தக் கொண்டுபோய் ஊர் பாக்க உண்டியல்ல போடணுமா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நான் நிறுத்தவில்லை. ஆறு வருடம் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அந்தத் தெருவில் நின்று கத்தினேன், அழுதேன். அம்மா கையிலிருந்த தகட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"சரி பாப்பா, அழாத. நீ இங்கிட்டே நில்லு. நான் போட்டுட்டு வாரேன்."

சொன்னால் கேட்கிறாளா பார் என்று பொருமிக்கொண்டு, செருப்பு விடும் இடத்திலேயே நின்றேன். அவள் திரும்பி வர வெகுநேரம் ஆனது.

மாசியில் அவள் தையல் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "எம்புட்டு நாளாச்சும்மா சாப்பாடு இறங்காம?" என்று கேட்டார். அம்மா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "போன பங்குனியிலருந்து" என்றாள்.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். இரைப்பையில் கட்டி, ஈரல் வரை பரவிவிட்டது. கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே என்றார். அவரை அறையலாம் போலிருந்தது. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

"ஏம்மா சொல்லல?"

"நீயே ஊசி போட்டுக்கிட்டு அலையிற. நானும் படுத்தா நீ எங்கிட்டுன்னு ஓடுவ? விரதம்னு சொன்னா யாரும் துருவ மாட்டீக." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "பசிக்காத வயித்துக்கு ஏது விரதம்? ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொன்னேன்ல, அதான் தண்டிக்கிறா."

அவளை அரித்தது அந்தப் பொய்தான், கட்டி அல்ல. தண்டிக்கிற சாமி என்றால் முதலில் என்னையல்லவா தண்டிக்க வேண்டும் என்று சொல்ல வந்தேன். ஆனால் வேறொன்றைக் கேட்டேன்.

"அப்ப, அந்த ஆடி வெள்ளி வாங்கின தகடு?"

"எனக்குத்தான் வாங்கினேன்." சொல்ல வேண்டுமா என்று யோசிப்பவள் போல இருந்தாள். "நீ அப்படி அழுதியா... உண்டியல்கிட்ட அதக் கையில வச்சுக்கிட்டே நின்னேன். இருந்தது ஒரு வயிறு. இன்னொண்ணு வாங்கத் திரும்பி வந்தா நீ மறுபடி வைவ. உனக்குன்னு சொல்லிப் போட்டுட்டேன்."

"அப்புறமாச்சும் உனக்குன்னு வேண்டியிருக்கலாம்ல?"

"ஒருத்திகிட்ட எத்தனதான் கேக்குறது பாப்பா?"

சித்திரைத் திருவிழாவுக்குத் தெருவெல்லாம் பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் போய்ச் சேர்ந்தாள். துணிமணிகளை எடுத்து வைக்கும்போது ரவிக்கைகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் உட்புறமும் தையலுக்குள் தையலாக நான்கு வரிசை. மெலிய மெலிய அவளே பிடித்துத் தைத்திருக்கிறாள்.

எனக்குக் குழந்தை பிறக்கவில்லை. சிகிச்சையையும் விட்டுவிட்டோம். அதைக்கூட ஒருவாறு தாங்கிக்கொள்கிறேன். தன்னுடையதை எனக்கு விட்டுக்கொடுத்துக் கேட்டாளே, அதுவும் வீணாகப் போனதே என்பதுதான் ஆறவில்லை.

இந்த ஆடியில் அந்தக் கோயில் வாசலுக்குப் போனேன். உள்ளே போகவில்லை. அதே கடை, அதே ஆள். "என்னம்மா வேணும்?" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினார். தட்டு நிறைய வயிறு கிடந்தது.