நல்ல நிலையில் உள்ளது

எண்பதுகளில் ஓசூர்–ராயக்கோட்டை ரோட்டுக்கு நான் ஜூனியர் இன்ஜினியர். புதிதாக வந்துகொண்டிருந்த கம்பெனிகளுக்கு டிரெய்லரில் மெஷின் போகும். கனமான லோடு என்றால் எங்கள் ஆபீசில் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். பாலப் பதிவேட்டைப் பார்த்து நான் கையெழுத்துப் போடுவேன்.

ஒரு மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது சாலைப் பணியாளர் மாரப்பன் சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் வேர்வை.

"சார், உத்தனப்பள்ளி தாண்டி ஓடைப் பாலத்துமேல பெரிய மெஷின் போவுதாமே? நெசமா?"

"ஆமா, காலையிலேயே லெட்டர் கொடுத்தாச்சு. ஏன்?"

"நடுத்தூணு அடியில கல்லு பேந்து கெடக்குது சார். போன மழையிலயே போயிடுச்சு."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"ரோடு இன்ஸ்பெக்டர்கிட்ட. அவருதான் மாத்தலாயி போயிட்டாரே!"

பதிவேட்டை இழுத்துப் பார்த்தேன். 'நல்ல நிலையில் உள்ளது' என்று இருந்தது. மாரப்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கை விரட்டினேன்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் டிரெய்லர் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒதுங்கி முந்த ரோட்டில் இடமில்லை. பைக் நிற்கும் முன்பே மாரப்பன் குதித்து, ஓரமாக ஓடி, தலைத்துண்டை அவிழ்த்து வீசியபடி பாலத்தின் நடுவில் போய் நின்றார். பிரேக் கிறீச்சிட்டது. முன்சக்கரம் பாலத்தைத் தொட்டிருந்தது.

"லெட்டர் இருக்குது சார்! யாரு கையெழுத்து இது?" என்று கத்தினார் டிரைவர்.

"என்னோடதுதான். ரிவர்ஸ் எடுங்க."

ஓடைக்குள் இறங்கினேன். தூணுக்கு அடியில் முழங்கை வரை என் கை போனது. தொட்ட கல் ஒன்று கழன்று தண்ணீரில் விழுந்தது. பின்னாலேயே இறங்கி வந்த டிரைவர் அதைப் பார்த்தார்.

"வண்டியில மூணு பேரு இருந்தோம் சார்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மழைக்கு முன் ஒவ்வொரு பாலத்துக்கும் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி. மேஜையில் உட்கார்ந்து போன வருஷத்து வரியை அப்படியே எழுதுவது வழக்கம். நானும் அதைத்தான் செய்திருந்தேன். கீழே இறங்கிப் பார்த்த மாரப்பன் சொன்னதை எழுதிவைக்க எங்கள் ஆபீசில் ஒரு காகிதம்கூடக் கிடையாது.

சாயங்காலம் அந்த வரியை அடித்துத் திருத்தி, 'பார்த்தவர்' என்ற இடத்தில் மாரப்பன் பெயரை எழுதினேன். பிறகு பக்கத்தைப் புரட்டினேன். இன்னும் இருபத்தாறு பாலங்கள். எல்லாம் என் கையெழுத்து. எல்லாம் நல்ல நிலை.

மறுநாள் காலை இரண்டு பேரும் முதல் பாலத்தில் இறங்கினோம்.