வேன் நேரான ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை லுணுகலைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போன வேன், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தது. அப்பா மழையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதும் அம்மா அதை ஓட்டத் தொடங்கினாள். அதற்குப் பிறகுதான், வேன் இடப்பக்கம் இழுக்கிறது என்பதை ஊரே கண்டுபிடித்தது. முன் டயர்களின் உள்விளிம்பு மழுமழுவென்று தேய்ந்திருந்ததையும் குனிந்து பார்த்துக் கண்டுபிடித்தார்கள்.

தன் இரண்டு மகன்களையும் எங்கள் வேனில் அனுப்பிய, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஒரு வெள்ளிக்கிழமை வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தார்.

“கொற நெனைக்காதம்மா. வேன் பொம்பள கைக்கு அடங்கல. திங்கக்கெழமையிலருந்து புள்ளைகள வேற வேன்ல அனுப்பப் போறோம்.”

“எல்லாருமாங்க?” என்று கேட்டாள் அம்மா.

“எல்லாருந்தான்.”

மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியிருந்த அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேன் நின்றால் எங்கள் அடுப்பும் நின்றுவிடும் என்பது ஒன்பது வயதில் எனக்கும் தெரிந்திருந்தது.

சக்கரங்களை நேராக்கும் பதுளைக் கடைக்கு அம்மா போன் போட்டாள். மெஷின் பழுது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அவள் போனை வைத்துவிட்டு, “மெஷின் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் நூல் புடிச்சுத்தானே பாத்தாங்க” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதற்குச் சமதரை வேண்டும். எங்கள் தோட்டத்தில் பந்தைக் கீழே வைத்தால் அது அடுத்த டிவிஷனில் போய்த்தான் நிற்கும். காலையில் தொழிலாளர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களம் ஒன்றுதான் தட்டையான இடம். ஞாயிறு காலை அங்கே நான்கு மூலையிலும் என் பந்தை வைத்துப் பார்த்தோம். அசையவில்லை.

அம்மா ஜாக் வைத்துத் தூக்கி, முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றினாள். பிறகு ஸ்டியரிங்கை நேராக வைத்து, வேனின் இரு பக்கமும் சக்கரத்தின் நடு உயரத்தில் நூலை இழுத்துக் கட்டினாள். நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கு எவ்வளவு, பின்விளிம்புக்கு எவ்வளவு என்று என் பள்ளிக்கூட ரூலரால் அளந்தாள். இடது சக்கரம் திருட்டுத்தனமாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் வேனுக்கு அடியில் படுத்து, சக்கரத்தைத் திருப்பும் கம்பியைக் கொஞ்சம் முறுக்கினாள். வெளியே வந்து வேனை முன்னும் பின்னும் உருட்டி, மறுபடி அளந்தாள். மறுபடி படுத்தாள். ஏழு தடவை. தண்ணீருக்குப் போன பெண்கள் குடத்தோடு நின்றுவிட்டார்கள். கடைசியில் கணக்கப்பிள்ளையும் வந்து சேர்ந்தார்.

“இது மெஷின் செய்ற வேலம்மா. நூலெல்லாம் மால கட்டத்தான் ஆகும்.”

அம்மா கையைத் துடைத்தாள். “முன்னால ஏறி ஒக்காருங்க.”

இத்தனை பேர் பார்க்கும்போது மறுக்க முடியுமா? ஏறினார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். தொழிற்சாலைக்குக் கீழே இருந்த நேர் ரோட்டுக்கு வந்ததும் அம்மா வேகத்தைக் குறைத்து, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“கைய வையிம்மா! அடியே, கைய வையி!” கணக்கப்பிள்ளை டேஷ்போர்டைக் கட்டிப்பிடித்தார்.

வேன் இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. யாரோ கோடு போட்டுக் கொடுத்ததுபோல, ஊர்ந்து ஊர்ந்து, தொழிற்சாலை வாசலைத் தாண்டி நேரே போயிற்று. நான் கத்திய கத்தலில் வாசலில் நின்ற காவல்காரர் சல்யூட் அடித்தார்.

இறங்கியபோது கணக்கப்பிள்ளை வியர்வையைத் துடைத்தபடி, “நாளைக்கு என் பயலுகளுக்கு முன் சீட்டக் குடும்மா” என்றார். பிறகு, “ஆமா, எதனாலதான் கோணிச்சு?” என்று கேட்டார்.

“பழைய வேன்தானுங்களே” என்றாள் அம்மா.

வீட்டில் நான் எல்லாவற்றையும் கையைக் காலை ஆட்டி அப்பாவுக்கு நடித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, “நான் வேனக் கல்லுல மோதினத சொல்லிட்டியா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அத என்னத்துக்குச் சொல்லணும்?” என்று சோற்றைப் போட்டாள் அம்மா.

எந்தக் கல், எப்போது மோதினார் என்று கேட்க எனக்கு நேரமில்லை. அம்மா கையை விட்டு ஓட்டிய கதையைக் கேட்காத லயங்கள் இன்னும் மூன்று இருந்தன. நான் ஓடினேன்.