முப்பத்தைந்து கிராம்

அண்டர்வெயிட் என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஓசூரில் மிக்சி செய்யும் கம்பெனியின் பேக்கிங் லைனில்தான் கற்றுக்கொண்டேன். கடைசியில் நிற்பவள் நான். ஒட்டி முடித்த பெட்டி என் முன்னால் இருக்கும் தராசின் மேல் வந்து நிற்கும். எடை குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும், திரையில் அந்தச் சொல் வரும். உள்ளே ஏதோ ஒன்று இல்லை என்று அர்த்தம். ஜார் மூடியோ, ரப்பர் வளையமோ, திருகாணிப் பாக்கெட்டோ. பெட்டியைக் கிழித்து, இல்லாதது எது என்று பார்த்து, அதை வைத்து மறுபடி ஒட்ட வேண்டும். ஆறு வருஷத்தில் என் கையே தராசாகிவிட்டது.

ஒருநாள் ஷிப்ட் முடிகிற நேரம். கம்பெனி பஸ் கிளம்பிவிடும் என்ற அவசரத்தில் ஒரு பெண் சின்ன அட்டைத் துண்டை உள்ளே சொருகி எடையைச் சரிக்கட்டிவிட்டாள். பெட்டியைத் தூக்கியதுமே எனக்குச் சந்தேகம். கிழித்துப் பார்த்தேன். லைனே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "எடை வந்துட்டா போதுமாடி? உள்ள என்னா இல்லன்னு பாக்க மாட்டியா?" ஒரு மாசம் அவள் என்னோடு பேசவில்லை. போடி என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊத்தங்கரைப் பக்கம் இதற்குச் சொல்லா இல்லை? நோஞ்சான், வத்தல், ஒடிசல், பூஞ்சை உடம்பு. எல்லாவற்றிலும் யாரையாவது குத்திக்காட்டுவது ஒளிந்திருக்கும். பெற்றவள் சரியில்லை, பால் பத்தவில்லை, கண் பட்டுவிட்டது. இங்கிலீஷ்காரன் சொல்லில் அந்தத் தொல்லை இல்லை, யார் மேலும் பழி போடாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், என் மகனுடைய கேஸ் ஷீட்டில் அதை எழுதும் வரைக்கும்.

அவன் நாள் ஆகும் முன்னே பிறந்தவன். ஆயிரத்து நானூறு கிராம். கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில் எங்களைச் சேர்த்தார்கள். எட்டுக் கட்டில், எட்டுத் தாய், எட்டுச் சுண்டைக்காய்ப் பிள்ளைகள். வெளியாள் உள்ளே வரக் கூடாது, நாங்கள் வெளியே போகக் கூடாது. நாள் முழுக்கப் பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிக்கொண்டு சாய்ந்திருக்க வேண்டும். ஒரே ஜன்னல், அதற்கும் கம்பி. கம்பி வழியாகப் பார்த்தால் மேம்பாலத்தில் பெங்களூருக்குப் போகிற லாரிகள். போகிற ஒவ்வொரு லாரியின் மேலும் எனக்கு ஆத்திரமாக வரும்.

டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். "ஆயிரத்து எண்ணூறு வரட்டும். அதுக்குள்ள தானா பால் இழுக்கப் பழகிடுவான், உடம்புச் சூடும் கொறையாம தங்கும். அப்புறம் கூட்டிட்டுப் போ."

வீட்டில் எனக்கு நாலு வயசு மகள். முதல் வாரம் போனில் பத்துத் தடவை "எப்பம்மா வருவ?" என்று கேட்டாள். இரண்டாம் வாரம் ஒரு தடவை. அப்புறம் போனுக்கே வரவில்லை.

"பாப்பா சோறே எறக்க மாட்டேங்குதுமே" என்றார் என் வீட்டுக்காரர். "பக்கத்து வூட்டு அக்கா சவலை பாஞ்சிருக்குன்னு சொல்லுது."

பின்னால் ஒரு பிள்ளை வந்ததும் முன்னது ஏங்கி இளைத்துப்போவதைத்தான் சவலை என்போம். அதற்கு வார்டு கிடையாது, கேஸ் ஷீட்டும் கிடையாது. இங்கே ஒன்று எடை ஏறாமல் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது, அங்கே ஒன்று என்னைக் காணாமல் இளைக்கிறது. என்னை இரண்டாகக் கிழித்தா கொடுக்க முடியும்? பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இருபத்து மூன்றாம் நாள் ஆயிரத்து எழுநூற்று அறுபத்தைந்து. இன்னும் முப்பத்தைந்து கிராம். ஒரு ஜார் மூடி எடை!

பிள்ளையைச் சுற்ற ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு பச்சைத் துணி கொடுப்பார்கள். தினமும் காலையில் சிஸ்டர் முதல் கட்டில்காரியின் துணியைத் தராசில் விரித்து, எண்ணைப் பூஜ்யத்துக்கு வைப்பார். எல்லாத் துணியும் ஒரே அளவு, அதனால் மற்றவர்களுக்கு மறுபடி வைக்க மாட்டார். வந்த இரண்டாம் நாளே என் கண் அதைப் பார்த்துவிட்டது. தொழில் புத்தி எங்கே போகும்? இருபத்து நாலாம் நாள், திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த பழைய துணியைப் புதுத் துணிக்குள் மடித்து, அதன் மேல் அவனைப் படுக்க வைத்தேன்.

"ஆயிரத்து எண்ணூத்தி மூணு!" சிஸ்டருக்குச் சொந்த ஊர் கெலமங்கலம், தொண்டை பெரிசு. "வூட்டுக்குப் போலாம்டா ராஜா!"

பக்கத்துக் கட்டில் பெண் தளிப் பக்கத்துக் கன்னடக்காரி. பிள்ளையை அவள் கூசு என்பாள். "நம்ம கூசு ஜெயிச்சிடுச்சுக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "உடனே வாங்க. பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

பையைக் கட்டிவிட்டு, புதுச் சட்டை போட அவனைத் தூக்கினேன். கை சொல்லிவிட்டது. மார்பில் வைத்தேன். நாலு தரம் இழுத்தான், களைத்துப்போய் வாயை விட்டுவிட்டான். பாதத்தைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. வீட்டில் தகரக் கூரை, ஓசூர்க் காலைக் காற்று. அடிப்பாவி, அட்டை வைத்தவளை அந்தக் கத்து கத்தினாயே, பெற்ற பிள்ளைக்கே அட்டை வைத்துவிட்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டு சிஸ்டரிடம் போனேன்.

"சிஸ்டர், அது பொய். துணிக்குள்ள இன்னொரு துணி வெச்சிருந்தேன்."

அவர் ஒரே துணியோடு அவனை மறுபடி தராசில் போட்டார். ஆயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு. எழுதியதை அடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "ஏம்மா, அவன் எனக்கா எடை காட்டணும்? அவன் பொழைக்கணும்மா!" அப்புறம் வார்டுக்கே கேட்கிற மாதிரி, "நாளையிலேர்ந்து எல்லாரும் துணிய ஒதறிக் காட்டணும்!" என்றார். எட்டுப் பேருக்கும் என்னால் வந்த வினை. கூசுக்காரிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டால், அவர் அதற்குள் பாதி வழி வந்து சூளகிரி தாண்டிவிட்டார். வந்து ஜன்னலுக்கு வெளியே மகளைத் தூக்கிக் காட்டினார். எனக்குப் பிடித்த மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். "பாப்பா, அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆவும்டி" என்றேன். கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டினேன். விரல்தான் எட்டியது. அவள் என்னைப் பார்த்தாள், அப்பா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர்கள் கேட்டைத் தாண்டிப் போகும் வரை ஒரு தடவைகூட அவள் திரும்பவில்லை.

இன்னும் ஆறு நாள் ஆனது. ஆறு நாளும் எல்லார் முன்னாலும் துணியை உதறிக் காட்டினேன். ஏழாம் நாள் காலை ஆயிரத்து எண்ணூற்றுப் பதினைந்து. அதற்குள் அவன் வயிறு முட்ட இழுத்துக் குடிக்கப் பழகியிருந்தான். சிஸ்டர் தராசைப் பார்த்தார், பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் மகள் பீரோவுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். உட்கார வைத்து, தம்பியை மடியில் கொடுத்தேன். பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப வெயிட்டும்மா. நீயே வெச்சிக்க."

வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே அவனைப் பாயில் கிடத்திவிட்டு, ஒரு மாசத்துக்கு அப்புறம் அவளைத் தூக்கினேன். தூக்கியதுமே என் கைக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை கிராம் குறைந்திருக்கிறாள் என்று எந்தத் தராசிலும் போட்டுப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து இறக்காமலே சோற்றைப் பிசைந்தேன். முதல் உருண்டைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்கும் வரை கையை நீட்டியபடியே நின்றேன்.